வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க, அம்மிணி

போன வாரம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பையிலிருந்து பத்திர நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். "பேங்க்கு லோனுக்குன்னு தம்பி கூட்டிட்டுப் போனானுங்க. கையெழுத்துப் போட்டுட்டேனுங்க" என்றார். அது விடுதலைப் பத்திரம். வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் நாலு ஏக்கரா பூமியில் தன் பங்கு முழுவதையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறது. போட்டோவும் கைரேகையும் தெளிவாக இருக்கின்றன. பதிந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது.

கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டமன்றம் 1989-லேயே சட்டம் செய்துவிட்டது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை மட்டும் அது விட்டுவிட்டது. அந்தக் குறையையும் 2005-இல் நாடாளுமன்றம் தீர்த்தது. பெண்கள் இன்னும் போதுமான அளவு நுழையாத சட்டமன்றம் நம்முடையது. 2021 தேர்தலில் 234 பேரில் 12 பேர்தான் பெண்கள். அப்படிப்பட்ட அவை கொடுத்த உரிமையைக்கூட பொறந்த வீட்டுத் திண்ணையிலேயே தொலைக்கிறோம்.

எனக்கு ஆத்திரம் வருவது ஒரே பேச்சில்தான். "அறுபது பவுன் போட்டோம், ஊரைக் கூட்டிச் சீர் செஞ்சோம், இன்னும் என்னங்க பங்கு?" அண்ணன் தம்பி சொன்னால் புரிகிறது, பெற்ற தாயே சொல்கிறார். சீர் வேறு, பங்கு வேறு. சீரைப் பங்கில் கழித்துக்கொள் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. தம்பியின் இன்ஜினியரிங் ஃபீஸையும் கல்யாணச் செலவையும் யாராவது அவன் பங்கில் கழித்தார்களா? பவுனுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

"அப்பா 2005-க்கு முன்னாடியே போயிட்டாருங்க" என்பது அடுத்தது. உரிமை பிறப்பாலேயே வருகிறது, 2005 சட்டம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20-12-2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்திருந்தால், அல்லது சொத்தை விற்றிருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்றால், உயில் எழுதாமல் போயிருந்தால் அதிலும் மகளுக்குச் சம பங்கு. அது 1956-லிருந்தே இருக்கிறது.

இன்னொன்று. பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கிரயம் முடிந்த கையோடு வீட்டுக்காரர் பேருக்குப் பவர், அதாவது அந்தச் சொத்தை அவரே கையாளும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கிவிடுகிறார்கள். அம்மிணி, அந்தப் பவரை எழுதாதீங்க. எந்தப் பத்திரமானாலும் கையெழுத்துக்கு முதல் நாளே வீட்டுக்கு வாங்கி வந்து, வெளியாள் ஒருத்தரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொத்தின்மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், ஆறப்போடாதீங்க.

அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே போன பங்குனியில்தான், நேரம் இருக்கிறது. "கேஸ் போட்டா தம்பி வாசப்படி மிதிக்க விடமாட்டானுங்களே" என்று அழுகிறார். தம்பிமார்களே, கை கூப்பிக் கேட்கிறேன்: அக்காவுக்குப் பத்திரத்தை முழுசாக வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் கையெழுத்துக் கேளுங்கள்.