காசநோய் வந்த வீட்டில் முதலில் ஜன்னலைத் திறங்கள்

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்த அன்றே நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி எல்லாம் வந்துவிடுகின்றன. அன்று இரவும் வழக்கம்போல ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குழந்தைகளையும் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் தூங்குகிறார்கள். கேட்டால், "பனி பட்டா இருமல் கூடும் டாக்டர்" என்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் குழந்தைகள் காசநோய் மூளைக்காய்ச்சலோடு வந்து சேர்கிறார்கள். இனியும் பொறுமையாகச் சொல்ல முடியவில்லை.

நுரையீரல் காசநோய் தட்டில் பரவாது. டம்ளர், துணி, கழிவறை, கைகுலுக்கல், சேர்ந்து சாப்பிடுவது என எதிலும் பரவாது. நோயாளி இருமும்போது வெளியாகும் நுண்ணிய துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றை உள்ளிழுத்தால் மட்டுமே தொற்றும். பாத்திரத்தை எல்லோருடையதையும் போல விளக்கினால் போதும். நிணநீர்க் கட்டியிலோ எலும்பிலோ மட்டும் காசநோய் உள்ளவரிடமிருந்து காற்று வழியாகவும் பரவாது. ஆனால் அவருக்கும் தட்டைப் பிரித்து வைக்கிறார்கள்!

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நெரிசலான வீடுகளிலேயே மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனையில், சேர்த்தார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். பரவல் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறோம். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கும் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இன்னும் மோசம். சில நாள் சுகம் காட்டி, நோயை மறைத்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நோயாளி படுக்கும் அறையில் எதிரெதிராக இரண்டு திறப்புகள் வேண்டும். ஒரே ஜன்னல்தான் என்றால் அதோடு கதவையும் திறந்து வையுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். புகை வெளியேறும் பக்கத்தில் நோயாளியின் கட்டில், காற்று உள்ளே வரும் பக்கத்தில் மற்றவர்கள். புகை அறைக்குள்ளேயே சுற்றினால், டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வெளியே பார்த்து வையுங்கள். சீலிங் ஃபேன் உள்ளே இருப்பதையே கலக்கும், வெளியேற்றாது. ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். கொசுவலை மெஷ்ஷில் தூசி அடைத்திருந்தால் கழுவுங்கள், பாதிக் காற்று அங்கேயே நின்றுவிடுகிறது.

சர்ஜிகல் மாஸ்க்கை நோயாளி போட வேண்டும், மூக்கையும் மூடி. ஈரமானால் மாற்றுங்கள். பரிசோதனைக்குச் சளி எடுக்கும்போது கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருமாதீர்கள். மொட்டை மாடியோ கொல்லையோ போதும். எச்சில் வேண்டாம், வாயைக் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து வரும் சளிதான் வேண்டும். மற்ற நேரங்களில் மூடியுள்ள டப்பாவில் துப்பிக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். தெருவில் வேண்டாம், தயவுசெய்து.

மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்தால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறையும். ஜன்னலைத் திறப்பதைவிடவும் பெரிய தடுப்பு அந்த மாத்திரைதான். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தால். பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் வாந்தி நிற்காமல் இருந்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே வாருங்கள். ஒரு மாதத்தில் காய்ச்சல் போய், எடை ஏறும். அப்போதுதான் பலரும் மருந்தை விடுகிறார்கள். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். பாதியில் விட்டவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் இருக்கலாம்.

வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள், இருமல் இல்லாதவர்களையும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை முதல் நாளே. பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். அது கடுமையான வகைகளிலிருந்து ஓரளவு காக்கும், தொற்றைத் தடுக்காது. நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. ஆறு மாதம் தினமும் ஐசோநியாசிட், அல்லது வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் கூட்டு மருந்து. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அரசு மருத்துவமனையில் இலவசம். விவரம் கேட்க 1800-11-6666.