உள்ளுறைக்கு இலக்கணம் தெரியும், இடம் தெரியாது

தமிழ் இலக்கிய விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். உள்ளுறை உவமம் (வருணனைக்குள் மறைத்துச் சொல்லும் ஒப்புமை) என்றால் என்ன என்று கேட்டால் தொல்காப்பிய நூற்பாவோடு பக்கம் நிறைய விடை வரும். அதே மாணவரிடம் ஒரு சங்கப் பாட்டைக் கொடுத்து, உள்ளுறை எங்கே இருக்கிறது என்று கேட்டால், 'போல' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து அடிக்கோடிடுகிறார். அது ஏனை உவமம், வெளிப்படையாகச் சொல்லும் உவமை. நோட்ஸை மட்டும் நம்பிப் படித்தால் இப்படித்தான் ஆகும்.

இரண்டும் ஒரே பாட்டில் வேண்டுமென்றால் குறுந்தொகை 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது, வயல்வெளியும் ஊடலும் சார்ந்த மருதத்திணை. 'கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று தொடங்கும். வயலோர மாமரத்தில் பழுத்து உதிர்கிற பழத்தை நீரிலிருக்கும் வாளைமீன் கவ்வுகிறது. தலைவன் அப்படிப்பட்ட ஊர்க்காரன். இதோடு நிறுத்தினால் வெறும் வருணனைதான்.

பேசுவது யார் என்று பாருங்கள். காதற்பரத்தை, அதாவது மனைவியை விட்டுத் தலைவன் நாடிய பெண். மனைவியான தலைவி தன்னைப் பற்றித் தூற்றினாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். இப்போது அந்த மீனுக்கு வருவோம். வாளை மரமேறிப் பழம் பறிக்கவில்லை, பழம்தான் அதன் வாயருகே வந்து விழுந்தது. 'நான் அவனை வளைக்கப் போகவில்லை, அவனாக வந்தான்' என்பதை ஊரைச் சொல்கிற சாக்கில் சொல்லிவிட்டாள். உவம உருபு கிடையாது, உவமிக்கப்படும் பொருளும் வாயில் வரவில்லை. கூற்று யாருடையது என்று தெரியாமல் உள்ளுறையைத் தொடவே முடியாது என்று வகுப்பில் நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த அடிகளில், 'எம் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் ஆடிப்பாவை போல ஆடுகிறான்' என்கிறாள். நாம் கை தூக்கினால் கண்ணாடியில் தெரியும் பிம்பமும் தூக்குமே, அதுதான் ஆடிப்பாவை. 'போல' பளிச்சென்று நிற்கிறது, இது ஏனை உவமம். யாருக்காக ஆடுகிறான்? 'தன் புதல்வன் தாய்க்கே'. மனைவி என்றுகூடச் சொல்லவில்லை, பிள்ளைக்குத் தாய் என்கிறாள். என்ன ஒரு குத்தல்!

உள்ளுறையையும், உவமையை மட்டும் சொல்லிப் பொருளைச் சொல்லாமல் விடும் பிறிதுமொழிதலையும் ஒன்றாக எழுதுவது அடுத்த கோளாறு. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' குறளில் (475) அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் வண்டியும் மயிலிறகும்தான் இருக்கின்றன. பகைவரைக் குறைத்து எடைபோடும் அரசன் பேச்சிலேயே இல்லை. பரிமேலழகரே இதைப் பிறிதுமொழிதல் என்று குறித்துவிட்டார். உள்ளுறையில் பாட்டின் நேர்ப்பொருள் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். குறிப்புப் பொருள் வருணனைக்குள் ஒளிந்திருக்கும். அது அகப்பாட்டுக்கு உரியது, தெய்வம் தவிர்த்த கருப்பொருளை (நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு போன்றவற்றை) இடமாகக் கொண்டது.

திணை எழுதுவதிலும் இதே அவசரம். கபிலரின் குறுந்தொகை 25-இல் குருகும் ஆரல்மீனும் வருவதைப் பார்த்ததும் மருதம் என்றோ நெய்தல் என்றோ எழுதிவிடுகிறார்கள். அது குறிஞ்சி, கூடலுக்குரிய திணை. தலைவன் தன்னோடு கூடிய நாளில் சாட்சிக்கு ஒரு குருகு மட்டுமே இருந்தது என்று தலைவி கலங்குகிறாள். முதற்பொருளும் (நிலம், பொழுது) கருப்பொருளும் ஒரு திணையிலிருந்து இன்னொன்றில் கலந்து மயங்கலாம், கூடல், ஊடல் போன்ற உரிப்பொருள் மயங்காது. பறவையையும் மீனையும் வைத்துத் திணையை முடிவு செய்யாதீர்கள்.

இறைச்சி என்னும் இன்னொரு வகைக் குறிப்புப் பொருள் பற்றித் தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஒத்த கருத்தில் இல்லை. அதனால் ஒரே வரியில் இலக்கணம் எழுதித் தப்பிக்கப் பார்க்காமல், இளம்பூரணர் வழியா, நச்சினார்க்கினியர் வழியா என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். திருத்துகிறவருக்கும் அதில் ஒரு மரியாதை வரும்.

தற்காலக் கலைச்சொற்களிலும் கதை இதேதான். புராணப் பெயர் வந்தாலே 'தொன்மம்' (பழங்கதையை எடுத்தாளும் உத்தி) என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில் அகலிகை வருகிறாள் என்பது பாதி விடை. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அவள் மறுபடி கல்லாகிறாள். பழங்கதையில் இல்லாத அந்தத் திருப்பத்தை எழுதினால்தான் மீதி மதிப்பெண்.