நெய்வேலியிலிருந்து எலக்ட்ரான் வருவதில்லை

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. பல நாள் இருட்டுக்குப் பிறகு ஒரு மாலை பல்பு பளிச்சென்று எரிந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, நெய்வேலியில் கிளம்பிய கரண்ட் அதற்குள் எப்படி வந்துசேர்ந்தது?"

எலக்ட்ரான்கள் அங்கிருந்து ஓடிவருவதாகத்தான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1 கன மில்லிமீட்டர் செம்பு கடுகளவுகூட இருக்காது. அதற்குள் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள் எட்டரை லட்சம் கோடி கோடி. 1 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு நொடிக்கு 62 ஆயிரம் கோடி கோடி எலக்ட்ரான்கள் கடந்தால் போதும். கூட்டம் இவ்வளவு பெரிதாக இருப்பதால் அது அவசரப்பட வேண்டியதில்லை. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அது நகரும் வேகம் நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். இதே வேகத்தில் நெய்வேலியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வர 17 ஆண்டுகள் ஆகும்!

ஆனால் எலக்ட்ரான் சோம்பேறி அல்ல. செம்புக்குள் அது நொடிக்கு 1,500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிறது. மோதித் திரும்பி எல்லாத் திசையிலும் அலைவதால் எங்கும் போய்ச் சேர்வதில்லை. மழை ஓய்ந்த இரவில் விளக்கைச் சுற்றும் ஈசல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் படபடவென்று சுழல்கிறது; இளங்காற்று வீசினால் மொத்தக் கூட்டமும் மெல்ல ஒருபுறம் நகர்கிறது. அந்த மெல்லிய நகர்வுதான் மின்னோட்டம்.

அப்படியானால் பல்பை உடனே எரியவைப்பது எது? திருப்பாதிரிப்புலியூர்த் தேரின் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இழுப்பவர்கள் ஓரடி வைத்ததும் பின்னால் தேர் அசைகிறது. யாரும் தேர்வரை ஓடிப்போய்த் தள்ளவில்லை. இழுவிசை மட்டும் வடம் வழியே போகிறது. கம்பியில் அந்த வேலையைச் செய்வது மின்புலம். கம்பியை ஒட்டி ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பரவி, வழியெங்கும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்களை அது அசைக்கிறது. குழாய்த் தண்ணீர் உவமையைவிட இதுவே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் தண்ணீர் என்றதும் 'அங்கிருந்து இங்கே வருகிறது' என்ற எண்ணம் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது.

வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் இழுபடும் எலக்ட்ரான் கூட்டம் ஒவ்வொரு முறையும் நகரும் தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. போதாக்குறைக்குத் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காந்தப்புலத்தின் வழியே ஆற்றல்தான் தாண்டுகிறது, எலக்ட்ரான் தாண்டுவதில்லை.

மகளைச் சுவரருகே அழைத்துப்போய் ஒயரைக் காட்டினேன். "பல்பை எரியவைக்கும் எலக்ட்ரான்கள் இதற்குள்ளேயேதான் இருந்தன. இருட்டில் நாம் உட்கார்ந்திருந்தபோதும் இங்கேதான் அலைந்துகொண்டிருந்தன" என்றேன். அவள் ஒயரில் காதை வைத்துக் கேட்டாள்.