காலுக்கடியில் ஒரு ‘டொக்’

மச்சானின் பிக்கப் விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும். மத்தியானம் காலியாகத் திரும்பும். திரும்பி வரும்போதுதான் அந்தச் சத்தம். தார் பெயர்ந்த ரோட்டில் மெதுவாக உருளும்போது முன்பக்கம், இடது சக்கரத்துப் பக்கமாக, ‘டொக்... டொக் டொக்’. இரண்டு மாதத்தில் இடது பக்க லிங்க் ராடு மாற்றினார். பிறகு ஷாக் அப்சார்பர். பிறகு சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நுனியில் இருக்கும் மூட்டு, பால் ஜாயிண்ட். ஒவ்வொரு தடவையும் பட்டறையை விட்டு வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் ‘டொக்’.

“நீங்கதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே, வந்து கேட்டுத்தான் பாருங்களேன் மாப்ள” என்று பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் கேட்டேன். சந்தேகமே இல்லை, இடது பக்கம்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். இரண்டு பேரும் தப்பு.

ஏன் தப்பு என்பது எனக்கு வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடிப்பது, பெரும்பாலும் இரண்டு காதுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து. நம் தலையின் அகலத்தைத் தாண்ட காற்றில் ஒலிக்கு ஆகும் நேரம் சுமார் 0.6 மில்லிசெகண்டு. இந்தத் துளி நேரத்தை வைத்துத்தான் இடமா வலமா என்று தீர்ப்புச் சொல்கிறோம். ஆனால் வண்டியில் சத்தம் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. சக்கரத்தில் பிறந்த தட்டல் ஆர்ம் வழியாக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு ஏறி, அங்கிருந்து குறுக்குச் சட்டங்களில் பரவி, கேபின் தரை முழுவதையும் ஒரு தவில் தோல் மாதிரி அதிர வைக்கிறது. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிற ஒலி, எஃகில் சுமார் 5000 மீட்டர் போகிறது. மூன்று மீட்டர் சேசிஸைக் கடக்க அதற்கும் அதே 0.6 மில்லிசெகண்டுதான். ஆக, காதுக்கு வந்து சேர்வது சக்கரத்தின் சத்தம் அல்ல, தரைத் தகட்டின் சத்தம். எந்தத் தகடு அதிகமாக அதிர்கிறதோ அந்தப் பக்கம் கை காட்டுவோம். சத்தம் கனமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், கேபினைவிடப் பெரியது. அது எல்லாப் பக்கமும் இருப்பது மாதிரியே இருக்கும்.

பழனி ரோட்டில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேள்வி கேட்பார். “எங்கேயிருந்து வருதுன்னு சொல்லாதீங்க தம்பி. எப்போ வருது, எப்போ வரலை, அதைச் சொல்லுங்க.” இயற்பியல் படித்த எனக்கு வெட்கமாக இருந்தது. சோதனைச் சாலையில் நாங்கள் செய்வதும் இதுதானே. ஒன்றை மாற்று, மற்றதை அப்படியே வை, எது கூடவே மாறுகிறது என்று பார்.

அவருடைய முதல் கேள்வி, சத்தத்துக்குத் தாளம் உண்டா என்பது. பிக்கப்பில் போடும் 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏழரைச் சுற்று சுற்றும். பின் அச்சில் பல்சக்கர விகிதம் நாலு என்று வைத்துக்கொண்டால் எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோக நடுவில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு முப்பது. எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் இருந்தால் நொடிக்கு முப்பத்து மூன்று. சத்தம் வேகத்தோடு கூடவே ஏறி இறங்கினால் சுற்றுகிற ஏதோ ஒன்று. சமதளமான காலி ரோட்டில் ஒரு நிமிஷம் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள் (மலைப்பாதை இறக்கத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்). எஞ்சின் வேகம் சரிந்தும் சத்தம் மாறவில்லையா? எஞ்சினை விட்டுவிடலாம். எங்கள் ‘டொக்’குக்குத் தாளமே இல்லை. பள்ளம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அப்படியென்றால் சுற்றுகிற பொருள் எதுவும் குற்றவாளி அல்ல. சக்கரம் உரசாமல் சுற்ற உதவும் வீல் பேரிங் அந்தக் கேள்வியிலேயே விடுதலை.

ஆனாலும் பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்பக்கச் சத்தங்களில் அதிகம் பேரை ஏமாற்றுவது அதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், நடுவே உருளைகள், அதுதான் இந்தப் பேரிங். உருளை வளையத்தைத் தொடுவது நூல் அளவு அகலத்தில். மொத்த பாரமும் அந்தக் கோட்டில் இறங்குகிறது. இப்படித் தொடும் இடத்தில் அழுத்தம் எப்படிப் பரவும் என்று 1880களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். அதிர்வெண்ணுக்கு அலகாகப் பெயர் போனாரே, அவரேதான். அவர் போட்ட அந்தக் கணக்கிலிருந்து ஒரு விசித்திரம் தெரிய வருகிறது: உலோகத்தை அறுக்கப் பார்க்கும் விசை மேற்பரப்பில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழேதான் உச்சத்தில் இருக்கிறது. அதனால் விரிசல் உள்ளேயே தொடங்கி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே வளர்ந்து, ஒரு நாள் செதிலாகப் பெயர்ந்து விழுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு உருளையும் அந்தக் குழியில் விழுந்து எழும். பதினாறு உருளை உள்ள பேரிங்கில், ஒரு சுற்றுக்கு வெளி வளையத்தின் ஓரிடத்தை ஆறு, ஏழு உருளை கடக்கும். உள் வளையத்தில் ஒன்பது, பத்து. 60 கிலோமீட்டர் வேகத்தில் இது நொடிக்கு 48 முதல் 72 தட்டு. அத்தனை வேகத்தில் தட்டல் தட்டலாகக் கேட்காது. ‘ஊம்ம்ம்’ என்று ஒரே உறுமல்.

டயர் குறுக்கே வருவது இங்கேதான். ஷாக் அப்சார்பர் செத்துப்போய் டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால், ஒரு சுற்றில் எட்டோ பத்தோ மேடுகள் இருக்கலாம். ஏழரைச் சுற்றால் பெருக்கினால் நொடிக்கு 60 முதல் 75. பேரிங்கின் அதே உறுமல், அதே சுருதி! பேரிங்கை மாற்றிவிட்டு “சத்தம் போகலையே” என்று தலையில் கை வைத்தவர்களில் பாதிப் பேருக்காவது டயர்தான் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். காதால் பிரிக்க முடியாததைப் பாரத்தால் பிரிக்கலாம். காலி ரோட்டில் நிதானமாக வளைந்து பாருங்கள். வண்டி இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்துக்குச் சாயும். 1700 கிலோ வண்டி, தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் என்றால், ஒரு மிதமான வளைவில்கூட 250 கிலோ அளவுக்குப் பாரம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறிவிடும். இடது வளைவில் உறுமல் கூடி, வலது வளைவில் குறைந்தால் சந்தேகம் வலது பேரிங் மேல். அதற்குப் பதிலாக, தார் ரோட்டிலிருந்து சிமெண்டு ரோட்டுக்கு ஏறியதும் சத்தத்தின் குணமே மாறினால் டயர். பேரிங்குக்கு ரோடு எது என்று தெரியாது. டயரின் மேல் உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தடவி, பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் அரம் மாதிரி பிறாண்டினால் அதுவும் சாட்சி.

பெரியவர் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினார். இடது கையை காயில் ஸ்பிரிங் மேல் லேசாக வைத்துக்கொண்டு, வலது கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். “இங்க கை வைங்க.” வைத்தேன். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்டுப்போனது என்றால் அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு விரலுக்குத் தெரியுமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் சரியான பதில்.

அடுத்து சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினார். பிறகு 9, 3. மேல் கீழ் ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் சக்கரத்தைத் திருப்பும் டை ராடு எண்டோ ஸ்டீயரிங் பாக்ஸோ. பேரிங்கா பால் ஜாயிண்டா என்று குழம்பினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்வார். பிரேக் பிடித்ததும் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும், சக்கரத்தைத் தாங்கும் சுற்றாத நக்கிளும் ஒன்றாகக் கட்டுண்டுவிடும். நடுவில் உள்ள பேரிங்கின் ஆட்டம் மறையும். பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் மறையாது. ஜாக்கியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்காரும் வண்டியில் சேசிஸுக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கினால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டு ஜாயிண்ட்டை இறுக்கியே வைத்திருக்கும். ஆர்முக்கு அடியில் வைத்தால்தான் இறுக்கம் தளர்ந்து உண்மை ஆட்டம் தெரியும். பால் ஜாயிண்ட்டிலோ டை ராடிலோ ஆட்டம் கண்டால் அப்புறம் வண்டியை ஓட்டக் கூடாது. அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

முழுசாக ஸ்டீயரிங்கை ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்று வந்தால், எஞ்சின் ஓட்டத்தை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டான சி.வி. ஜாயிண்ட் என்பார்கள். மச்சான் வண்டி பின் சக்கர ஓட்டம். முன்னால் அந்த ஜாயிண்ட்டே கிடையாது. ‘கீச் கீச்’ வந்தால் பெரும்பாலும் இணைப்புகளில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ். ஒட்டி ஒட்டி வழுக்குவதுதான் காரணம், வயலின் வில் தந்தியை இழுப்பது போல. சந்தேகமான புஷ்ஷில் தண்ணீர் அடித்ததும் கீச்சு நின்றால் ஆள் சிக்கிவிட்டார். ஆயிலை மட்டும் அடிக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

“டொக்குனா எந்த மாதிரி டொக்?” என்று அடுத்துக் கேட்டார். சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவிக்கு இரண்டு மார்க். இங்கே அதுதான் நோய்க்குறி. யோசித்தால் இதிலும் இயற்பியல் இருக்கிறது. இரண்டு பொருள் மோதும்போது அவை ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு மேல் சுருதிகள் கிளம்பும். நடுவில் ரப்பர் இருந்தால் தொடும் நேரம் நீளும், ‘தொம்’ என்று மழுங்கிய சத்தம். இரும்பும் இரும்பும் நேரடியாக மோதினால் ‘டக்’. மச்சான் யோசித்து, “டொக்குக்கும் டக்குக்கும் நடுவுலண்ணே” என்றார். பெரியவருக்கு அது போதும். ரப்பர் இல்லாத, கனம் குறைந்த ஏதோ ஒன்று.

“கடைசியா முன்பக்கம் யாரு கை வெச்சது? இந்தச் சத்தம் வர்றதுக்கு முன்னாடி.”

பிரேக் பேட் மாற்றியது. மச்சானுக்கே மறந்துபோயிருந்தது.

மறுபடியும் அதே பள்ள ரோடு. இந்தத் தடவை ஓட்டியது பெரியவர். ‘டொக் டொக்’ வந்ததும் பிரேக் பெடலை இடது காலால் சும்மா தொட்டார், வேகம் குறையாத அளவுக்கு. சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. காலை எடுத்தார், வந்தது. வைத்தார், நின்றது. மூன்று தடவை செய்து காட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பிரேக் பேட் நகர வேண்டிய பொருள். அதனால் அது உட்காரும் பிராக்கெட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். அந்த இடைவெளியில் பேட் ஆடாமல் இருக்க மெல்லிய ஸ்பிரிங் தகட்டால் ஒரு கிளிப் உண்டு. அது இல்லையென்றால் ஒவ்வொரு குலுக்கலிலும் பேட் எழும்பி இரும்பில் விழும். ஒரு மில்லிமீட்டர் விழ 14 மில்லிசெகண்டு போதும். பிரேக்கைத் தொட்டதும் திரவ அழுத்தம் பேட்டை டிஸ்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, ஆட இடமில்லை. லோடு இருக்கும்போது கேட்காததும் இதில் அடங்கிவிடுகிறது. காலி பிக்கப்பின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் விறைப்பாக நின்று வண்டியையே குதிக்க வைக்கும்.

சக்கரத்தைக் கழற்றினார். கிளிப் இல்லாதது வலது பக்கம். பழைய பேட்டோடு சேர்த்து யாரோ குப்பையில் போட்டிருக்கிறார்கள். புதுக் கிளிப் விரல் நீளம்கூட இல்லை. மாட்ட பத்து நிமிஷம். கழற்றிப் போட்ட பழைய பால் ஜாயிண்ட் இன்னும் மச்சான் சீட்டுக்கடியில் கிடந்தது. அதை எடுத்துத் திருகிப் பார்த்தார் பெரியவர். கெட்டியாகத்தான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து மச்சான் போன் செய்தார். டொக் சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் இப்போது வேறொன்று, ‘கிணிங்’ என்று, பின்னாலிருந்து. பெரிய சத்தம் இருக்கும்வரை சின்னச் சத்தம் காதில் ஏறாது. நான் எங்கே என்று கேட்கவில்லை. “எப்போ வருது?” என்று கேட்டேன். மச்சான் ஓட்டிக்கொண்டே ஒரு கையைப் பின்னால் விட்டுத் துழாவுவது கேட்டது. சீட்டுக்குப் பின்னால் கட்டாமல் வைத்த ஜாக்கி லீவர்.