நாள் முழுக்க ரோமானியக் கவசம் அணிபவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தின் வடக்கே, ரோமானியர்கள் கட்டிய ஹாட்ரியன் சுவர் ஓடும் பகுதியில் பிசியோதெரபிஸ்டாக இருப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. வெயில் காலம் வந்தால் ரோமானியப் படைவீரர்கள் சிகிச்சைக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். வார நாட்களில் ஆசிரியர், லாரி ஓட்டுநர், கணக்கர். சனி ஞாயிறு ஆனால் பழைய கோட்டை இடிபாடுகளில் பார்வையாளர்கள் முன் அணிவகுக்கும் லெஜியன் (ரோமானியப் படைப்பிரிவு) வீரர்கள். பிரிட்டனில் இது நன்றாக வேரூன்றிய பொழுதுபோக்கு. எர்மின் ஸ்ட்ரீட் கார்டு என்ற குழு 1972-லேயே தொடங்கிவிட்டது.

வருகிறவர்களின் புகார் அநேகமாக ஒன்றுதான். கழுத்திலிருந்து தோள்வரை பிடித்துக்கொண்டது, கை மரத்துப்போகிறது. காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: கவசம் ரொம்பக் கனம். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. லோரிகா ஹமாட்டா எனப்படும் வளையக் கவசம் பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டும். இரும்புத் தகடுகளைக் கோத்துச் செய்யும் லோரிகா செக்மென்டாட்டா சற்றுக் குறைவு. மலையேறப் போகிறவர்கள் இதைவிட அதிகமாக முதுகில் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறார்கள். அந்தப் பைக்குத் தோள்வாரில் மெத்தை இருக்கிறது, பாரத்தை வாங்கிக்கொள்ள இடுப்புப் பட்டை இருக்கிறது. கவசம் போடுகிறவர்கள் இந்த இரண்டையும்தான் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் மெத்தை. இரும்புக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு செலவழித்துவிட்டு, அடியில் ஒரு மெல்லிய சட்டையோடு கிளம்பிவிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்தைச் சும்மாடு இல்லாமல் தலையில் ஏற்ற நம் ஊரில் யாராவது துணிவார்களா? ரோமானியர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. பேரரசின் பிற்காலத்தில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய போர்க்கருவிகள் பற்றிய லத்தீன் நூலில், கவசத்தின் கனத்தையும் உராய்வையும் தாங்க உள்ளே போடும், அழுத்திக் கெட்டியாக்கிய கம்பளியான ஃபெல்ட்டில் செய்த உடுப்பு ஒன்று வருகிறது. தொராகோமாக்குஸ் என்று அதற்குப் பெயர். மழையில் அது நனைந்து கனத்துவிடாமல் இருக்க மேலே தோல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார். போட்டு அனுபவித்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

குழுக்களில் இருக்கும் கறார்ப் பேர்வழிகள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட உடுப்பு முழுசாக எங்கே கிடைத்திருக்கிறது, காட்டுங்கள் என்பார்கள். இரும்பு துருப்பிடித்தாவது மிஞ்சும், துணி மக்கிப்போகும் என்பது என் பதில். தகட்டுக் கவசம் தானே ஒரு சாட்சியும் சொல்கிறது. 1964-ல் ஹாட்ரியன் சுவருக்கு அருகே கார்பிரிட்ஜில் ஒரு மரப்பெட்டியோடு தோண்டி எடுத்த கவசப் பகுதிகளை வைத்துத்தான் இன்றைய மறு உருவாக்கங்களில் பெரும்பாலானவை செய்யப்படுகின்றன. அந்த அமைப்பில் செய்ததை மெத்தை இல்லாமல் போட்டுப் பாருங்கள். மனிதத் தோள் வெளிப்பக்கம் சரிந்திருப்பதால் தகடுகளும் சரியும், உள்விளிம்பு கழுத்தோரத்தில் அறுக்கும், மார்புத் தகடுகள் இரண்டும் நடுவில் நேராகச் சேராது. தோளின் வெளிப்பாதியில் கொஞ்சம் ஃபெல்ட் தைத்துச் சரிவை நிரப்பினால் எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடும். மெத்தையை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் தைக்காதீர்கள். கழுத்தோரம் மெல்லிசாக, தோள் நுனியில் தடிப்பாக இருக்கட்டும்.

அப்புறம் பெல்ட். இது முக்கியமாக வளையக் கவசக்காரர்களுக்கு. சென்ற கோடையில் வந்த ஒருவருக்கு வலது கையை உயர்த்தினால் நடுங்கியது, மேல்கையின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்வு மங்கலாக இருந்தது. தோள் வழியே கைக்கு இறங்கும் நரம்புக் கற்றையில் மணிக்கணக்காகப் பாரம் அழுத்தினால் இப்படி ஆகும். கனமான முதுகுப்பை சுமக்கும் ராணுவத்தினரிடம் இதை ரொம்ப நாளாகப் பார்த்து வருகிறோம். கை தேறியபின், கவசத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பெல்ட்டைக் கவசத்தின் மேல் ஏதோ அலங்காரம் போல லேசாகத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். வளையங்கள் மேலேறின. அந்த நிலையிலேயே பெல்ட்டை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இறுக்கிப் பூட்டிவிட்டுக் கையைக் கீழே இறக்கச் சொன்னேன். பெல்ட்டுக்கு மேலே கவசம் ஒரு மடிப்பாகப் புடைத்து விழுந்தது. இப்போது தோளில் வளையங்களுக்கு அடியில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. முன்பு ஒரு விரலுக்கே இடமில்லை. பாரத்தில் ஒரு நல்ல பங்கு இடுப்புக்குப் போய்விட்டது. இந்த இரண்டு விரல் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்து பாருங்கள். நடக்க நடக்க பெல்ட் தளரும், இடையிடையே மறுபடி கையைத் தூக்கி இறுக்க வேண்டியிருக்கும்.

அதற்காக அளவுக்கு மீறி இறுக்கவும் கூடாது. இடுப்பின் முன்பக்கத்தில் அழுத்தம் விழுந்தால் தொடையின் வெளிப்புறம் எரியும், மரத்துப்போகும். பெல்ட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தகட்டுக் கவசத்தில் விஷயம் வேறு. விலா முழுக்கத் தகடு சுற்றியிருப்பதால், கட்டும்போது மூச்சை நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு கட்டுங்கள். உட்காரும் முன் முன்பக்கக் கயிறுகளில் கீழே உள்ளதை அவிழ்த்துவிடுங்கள், வயிற்றுச் சதை சிக்காது. இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் கவசங்களில் கணிசமானவை இந்தியப் பட்டறைகளில் செய்யப்பட்டு வருபவை. விலை குறைவு, ஆனால் யாருடைய தோளுக்கும் அளவெடுத்தது கிடையாது.

தலைக்கவசத்தை வேடிக்கை காட்டும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரோமில் உள்ள டிராஜன் தூணின் சிற்பங்களில் நடைபோகும் வீரர்கள் அதைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஆணி அடித்த கலிகா செருப்பு புல்லில் அருமை, வழவழப்பான கல்லில் ஆபத்து. கி.பி. 70-ல் எருசலேம் கோயில் வளாகத்தில் யூலியானுஸ் என்ற நூற்றுவர் தலைவன் இதே ஆணிச் செருப்பு வழுக்கி விழுந்துதான் எதிரிகளிடம் மாட்டி இறந்தான் என்று அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத் தரையிலும் அப்படித்தான் வழுக்கும். காலுறை போட வெட்கப்பட வேண்டாம். ஹாட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள வின்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த ஒரு மரப்பலகைக் கடிதத்திலேயே காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி இருக்கிறது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இந்தச் செருப்பையே தவிர்த்துவிடலாம்.

இதுவரை சொன்னவை வலி கொடுக்கும், உயிரை எடுக்காது. உயிரை எடுக்கக்கூடியது வெப்பம். கம்பளி, அதன்மேல் மெத்தை, அதன்மேல் இரும்பு என்று போட்டால் வியர்வை ஆவியாகிப் போக வழியில்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் நிழலுக்குப் போய்க் கவசத்தைக் கழற்றுங்கள், உப்பு சேர்ந்த பானம் குடியுங்கள். அணிவகுப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், தள்ளாடுகிறார் என்றால் அது அவசர நிலை. அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள்.

அந்த நேரத்தில் கவசத்தை எப்படிக் கழற்றுவது? தகட்டுக் கவசம் முன்பக்கக் கயிற்றை வெட்டினால் திறந்துகொள்ளும். வளையக் கவசத்தைச் சாதாரணமாகக் குனிந்து உதறித்தான் கழற்றுவார்கள், மயங்கிக் கிடப்பவரால் அது முடியாது. பெல்ட்டை அவிழ்த்து, இருவர் சேர்ந்து தலைவழியே இழுக்க வேண்டும். குழுவில் எல்லாரும் இதை ஒருமுறை தரையில் படுத்தவரிடம் பழகிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். ரத்த அழுத்தத்துக்காக நீர் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலுக்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

குளிர்காலம் முழுக்கக் கவசத்தைப் பரணில் வைத்துவிட்டு, முதல் நிகழ்ச்சிக்கு எட்டு மணி நேரம் போடுவதும் வேண்டாம். சில வாரம் முன்பிருந்தே வீட்டில் ஒரு மணி, இரண்டு மணி என்று போட்டு நடங்கள். பழக்கம் விட்டுப்போனதால்தான் கவசம் கனமாகத் தோன்ற ஆரம்பித்தது, வீரர்கள் அதைக் கைவிட அனுமதி கேட்டார்கள் என்று பிற்கால ரோமானியப் போர்க்கலை எழுத்தாளர் வெகேத்தியுஸ் தன் காலத்துக் காலாட்படையைத் திட்டுகிறார்.

மரத்துப்போனது மறுநாள் காலையிலும் தெளியவில்லை, கையில் பலம் குறைகிறது என்றால் அடுத்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அங்கே போய் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "ராத்திரி கோணலாகப் படுத்துவிட்டேன்" என்று சொல்லி, தலையணை மாற்றச் சொன்ன அறிவுரையோடு திரும்பியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், அடியில் என்ன போட்டிருந்தீர்கள் என்பது தெரிந்தால்தான் எங்களுக்கு வேலை சுலபம். முடிந்தால் கவசத்தையும் கொண்டு வாருங்கள்.