மரபணு மாற்றப்பட்ட நுளம்பு: விடுபட்டுப்போன ஒரு சொல்

டெங்கு பற்றிப் பேச ஒரு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுகிற இடத்துக்கு, வந்திருந்தார். தண்ணீர்ப் பீப்பாய், பழைய டயர், யோகட் கோப்பை என்று வழக்கமானதையெல்லாம் சொன்னார். போகிற போக்கில், "வெளிநாடுகளில் இப்போது மரபணு மாற்றப்பட்ட நுளம்புகளை விட்டே டெங்கைக் கட்டுப்படுத்துகிறார்கள்" என்று ஒரு வரியையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந்தம்பி, மரபணு மாத்துற கொசுவாமே? கடிச்சா நமக்கும் மாறிப்போகுமா?"

"மாத்துற கொசு இல்ல பெரியம்மா. மாத்துன கொசு."

"ரெண்டும் ஒண்ணுதானே."

ஒன்றில்லை. ஆனால் ஏன் ஒன்றில்லை என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பி.எச்.ஐ. நுளம்பு என்றார், பெரியம்மா கொசு என்றார். மலையகத்தில் இது சாதாரணம். வீட்டில் கொசு, பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரிச் சுவரொட்டியிலும் நுளம்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்த முன்னோர்கள் கையோடு கொண்டுவந்த சொல் கொசு. இலங்கைத் தமிழின் பொதுச்சொல் நுளம்பு. கொசுவின் பழைய வடிவங்களாகக் கொசுகு, கொதுகு என்ற இரண்டும் அகராதிகளில் இருக்கின்றன. கொதுகு மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல். நுளம்புக்கோ சிறு ஈ என்ற பொருளும் உண்டு. கன்னடத்தில் ஈயை நொண என்கிறார்கள், இரண்டும் ஒரே வேர் என்று சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், மொஸ்கிட்டோ என்ற ஸ்பானியச் சொல்லுக்கும் குட்டி ஈ என்றுதான் அர்த்தம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஊர்க்காரர்கள் அந்தப் பூச்சியை ஒரே கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள்.

நுளம்பு என்று வந்த பிறகு உலங்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலங்கு என்றால் பெரிய கொசு. ஹெலிகொப்டரை நாம் உலங்கு வானூர்தி என்கிறோமே, அந்த உலங்குதான். நின்ற இடத்திலேயே ரீங்காரம் போடும் பூச்சி! பூச்சிக்குரிய பெயராக அதை மறந்துவிட்டோம், யந்திரத்தின் பெயரில் மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

சரி, மரபணுவுக்கு வருவோம். ஜீன் என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யொஹான்சன். பிறப்பு, குலம் என்ற பொருள் தரும் கிரேக்க வேரிலிருந்து எடுத்தார். தமிழில் அது மரபு, அணு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து மரபணு ஆனது. மரபு நல்ல தேர்வு. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர், உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுப்பதும் அந்த இயலில்தான். தமிழ்நாட்டில் இன்று மரபியல் என்பது ஒரு விஞ்ஞானப் பாடத்தின் பெயர். அணுவில்தான் எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. ஜீன் என்பது டி.என்.ஏ. இழையில் ஒரு துண்டு, தனியாக நிற்கும் துகள் இல்லை. போதாததற்கு, அணு என்றதும் குண்டும் உலையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இலங்கைப் பாடப்புத்தகங்கள் இதைப் பரம்பரையலகு என்கின்றன. அலகு என்பதால் பொருள் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் அந்தத் துறைக்கு நாம் படித்த பெயர் பிறப்புரிமையியல். மலையகத்தில் பிறந்த ஒருவனுக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்த மண்ணிலேயே எங்களை நாடற்றவர்களாக்கியது. எங்களிடம் வந்து "பிறப்புரிமை மாற்றப்பட்ட" என்று ஆரம்பித்தால், எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்றுதான் கேட்கத் தோன்றும். ஆகவே, அணுவில் குறை இருந்தாலும் மரபணுவே இருக்கட்டும். பத்திரிகைகளும் அதைத்தான் எழுதுகின்றன, பெரியம்மாவும் அதைத்தான் சொன்னார்.

அடுத்தது மாற்றப்பட்ட. இந்தப் '-பட்ட' எனக்குப் பிடிக்காது. அவித்த கிழங்கை யாரும் அவிக்கப்பட்ட கிழங்கு என்று சொல்வதில்லை. காயடித்த மாடு என்றால் மாடு போய் யாருக்கோ காயடித்ததாக எவரும் நினைப்பதில்லை. அந்த வழியில் 'மரபணு மாற்றிய நுளம்பு' என்பதே நல்ல தமிழ். ஆனால் கிழங்கு சட்டியில் சும்மா கிடக்கும். நுளம்பு பறந்து வந்து கடிக்கும். செய்கிற பிராணி என்பதால் மாற்றியதும் அதுதானோ என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. அதனால் மனமில்லாமல்தான் '-பட்ட'வை விட்டுவைக்கிறேன். 'மரபணு திருத்திய' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இருக்கிற மரபணுவையே வெட்டித் திருத்தும் புதிய முறைக்கு அந்தச் சொல் போய்விட்டதால் இங்கே கலந்தால் குழப்பம் வரும்.

ஆனால் பாருங்கள், பி.எச்.ஐ. திருத்தமாக மாற்றப்பட்ட என்றுதான் சொன்னார். பெரியம்மாவுக்குப் பயம் அப்படியும் வந்தது. அப்படியானால் குறை இந்த மூன்று சொல்லில் எதிலும் இல்லை, சொல்லாமல் விட்ட நாலாவது சொல்லில்தான் இருக்கிறது. ஆண். வெளியே விடுவது ஆண் நுளம்புகளை. ஆண் நுளம்பு கடிக்காது. முட்டைக்காக இரத்தம் குடிப்பது பெண் மட்டும்தான், ஆணுக்குப் பூந்தேனும் செடிச்சாறும் போதும்.

இதைச் செய்தவர்களில் பேர்போனது ஒக்ஸிடெக். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 2002இல் பிரிந்து வந்த பிரித்தானிய நிறுவனம். டெங்கு பரப்பும் ஈடிஸ் எஜிப்டி நுளம்புக்குள் அவர்கள் வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் சேர்த்தார்கள். அது அளவுக்கு மிஞ்சி ஒரு புரதத்தை உண்டாக்கிக் குடம்பிப் பருவத்திலேயே நுளம்பைச் சாகடித்துவிடும். (குடம்பி என்றால் பீப்பாயில் நெளிகிற அந்தப் புழுதான்.) அப்படியானால் ஆய்வுகூடத்தில் எப்படி வளர்ப்பது? டெட்ராசைக்ளின் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்தால் அந்த மரபணு அடங்கிக் கிடக்கும். அப்படி வளர்ந்த ஆணை வெளியே விட்டால் அது வெளியில் திரிகிற பெண் நுளம்போடு கூடும். பிறக்கிற குஞ்சுகளுக்கு மருந்து கிடைக்காது, பெரும்பாலும் செத்துப்போகும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். முதல் வகையில் நூற்றுக்கு மூன்று நான்கு தப்பிப் பிழைத்தன. சிவப்பாக ஒளிரும் ஒரு அடையாளத்தையும் கூடவே வைத்திருந்தார்கள், குடம்பியைப் பிடித்து விளக்கில் பார்த்தால் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

இந்த வகையைக் கேமன் தீவில் 2010இல் விட்டபோது அங்கிருந்த ஈடிஸ் ஏறத்தாழ 80 வீதம் குறைந்தது. பிறகு மலேசியா, பிரேசில். 2021இல் அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளில் விட்டது இரண்டாவது வகை. அதில் பெண் குஞ்சுகள் மட்டும் சாகும், ஆண்கள் பிழைத்து அந்த மரபணுவை இன்னும் சில தலைமுறைக்குக் கொண்டுபோகும். பிரேசிலில் முட்டையைப் பெட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றினால் போதும் என்று வீட்டுக்காரர்களுக்கே விற்கிறார்கள். அங்கே அதற்கு வைத்த பெயர் 'நல்ல ஈடிஸ்' என்ற அர்த்தத்தில் வரும். அது விளக்கம் இல்லை, விளம்பரம். நாம் அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் 'மலட்டு நுளம்பு' என்பதையும் இதற்குப் போடக்கூடாது. மலடு என்றால் பிள்ளை பிறக்காது. இதற்குப் பிறக்கும், பிறந்து சாகும். மலட்டு நுளம்பு என்ற பெயர் கதிர்வீச்சால் மலடாக்கிய ஆணுக்கே உரியது. அது பழைய முறை, கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் ஒரு வகை ஈயை 1954இல் குராசாவோ தீவில் ஒழித்தது அதுதான். கொழும்புப் பக்கம் நுகேகொடையில் 2020இல் விடத் தொடங்கியதும் மரபணு மாற்றியதல்ல. அவை வொல்பேக்கியா நுளம்புகள். வொல்பேக்கியா என்பது பூச்சிகளின் உடலுக்குள் வாழும் ஒரு பக்டீரியா. 1924இல் கண்டறியப்பட்டது. அது உள்ளே இருந்தால் நுளம்புக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் அப்படி விட்ட இடங்களில் டெங்கு 77 வீதம் குறைந்தது. இந்த முறையில் கடிக்கிற பெண்ணையும் சேர்த்தே விடுகிறார்கள். ஆகவே இரண்டையும் ஒரே பெயரில் எழுதுவது சும்மா சொற்பிழை இல்லை. மரபணு மாற்றிய நுளம்பு கடிக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வொல்பேக்கியா நுளம்பை விட்டால், அடுத்த முறை எந்த அதிகாரியையும் எந்த லயத்திலும் உள்ளே விடமாட்டார்கள்.

ஆக நான் எழுதுவதானால், 'மரபணு மாற்றப்பட்ட ஆண் நுளம்பு'. நீளம்தான். இரண்டாம் முறை வரும்போது 'மாற்றிய ஆண் நுளம்பு' என்று சுருக்கிக்கொள்ளலாம், ஆணை மட்டும் விடக்கூடாது.

இதைப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். கடிக்காத கொசு என்றதும் முகம் தெளிந்தது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், நான் இவ்வளவு எழுதியும் யோசிக்காத கேள்வி.

"நம்ம தோட்டத்துல இருக்கறதும் அந்தச் சாதிக் கொசுதானா?"

தேயிலை மலையில், செடியும் நிழலும் உள்ள இடத்தில், ஈடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு வகைதான் அதிகம் திரியும். முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு, புலி நுளம்பு என்று சொல்வார்கள். அதுவும் டெங்கு பரப்பும். எஜிப்டி ஆணை விட்டால் அது எஜிப்டிப் பெண்ணைத்தான் தேடும், புலி நுளம்பின் கணக்கு அப்படியே இருக்கும்.

"இல்ல பெரியம்மா. இங்க பாதி வேற சாதி."

"அப்ப அந்தப் பேர்ல சாதியையும் சேத்து எழுது" என்றார்.