கரண்ட் வைத்து முடித்து ஊருக்கு வந்த பிறகு

புற்றுநோய் சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவர்கள் எங்கள் பிசியோதெரபி அறைக்கு உடனே வருவதில்லை. கை மேலே போகவில்லை, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது என்று பல மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். “வீட்டுல ஒரு துரும்பக்கூட எடுத்துப்போட விடுறதில்ல” என்பார் ஒருவர். “மறு மாசமே களையெடுக்கப் போயிட்டேன், இல்லன்னா யாரு கஞ்சி ஊத்துவா?” என்பார் அடுத்தவர். ஒருவருக்குப் படுக்கை, இன்னொருவருக்கு மண்வெட்டி. நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்கும் ஒரு காலம் உண்டு என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

கீமோ ஏற்றி, கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை வைத்த பிறகு வரும் அசதி, வயலில் வேலை செய்து வரும் அசதி மாதிரி இல்லை. தூங்கி எழுந்தால் போகாது. படுத்தே கிடந்தால் தொடைச் சதை வற்றி, கக்கூஸுக்கு எழுந்து போவதே பெரிய வேலையாகிவிடும். இந்த அசதிக்கு உடற்பயிற்சி நன்றாகவே கேட்கிறது. வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் அசதியும் மனச்சோர்வும் குறைகின்றன என்று 2019-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வழிகாட்டுதல் வெளியிட்டார்கள்.

2025-இல் வந்த சேலஞ்ச் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் வைத்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஆரோக்கிய அறிவுரைப் புத்தகம். எட்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் சுமார் 90 சதவீதம், மற்றதில் 83. பெருங்குடலில் கண்டதை எல்லாப் புற்றுநோய்க்கும் அப்படியே ஒட்டிவிடக் கூடாதுதான். ஆனாலும் “ஓய்வுதான் மருந்து” என்று வீட்டுப் பெரியவர்கள் அடித்துச் சொல்லும்போது காட்ட நம் கையில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் சும்மா கையை வீசி நடந்தால், “எங்க கெளம்பிட்ட?” என்று நான்கு திண்ணை கேட்கும். அதனால் நான் வாக்கிங் போங்க என்று சொல்வதில்லை. பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் வேலையை உங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், ரேஷன் கடைக்கு வண்டியில் போகாதீர்கள் என்பேன். ஆடு மேய்ப்பவர்கள் “நாள் முழுக்க நடக்கத்தான செய்றேன்” என்பார்கள். ஆட்டுக்குப் பின்னால் நின்று நின்று போவது கணக்கில் சேராது. பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு பத்தக் கூடாது. அந்த வேகம் வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம்கூடப் போதும், வாரா வாரம் கூட்டிக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். கீமோவால் பாதம் மரத்தவர்கள் வரப்பை விட்டுத் தார் ரோட்டில், பின்வார் வைத்த செருப்போடு நடக்க வேண்டும். ராத்திரி உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். முள் குத்தியதுகூடத் தெரியாது.

மார்பக அறுவை சிகிச்சை செய்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். “தையல் பிரிஞ்சிடும், கையத் தூக்காத” என்று யாரோ சொல்லி, கையை நெஞ்சோடு அணைத்தே வைத்திருப்பார்கள். தோள் இறுகிப்போகும். அப்புறம் கரண்ட் வைக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொல்லும்போது அழுவார்கள். காயத்து நீர் வடிய வைத்த டிரெய்ன் குழாயை எடுத்து, டாக்டர் சரி என்றதும் சுவர் ஏறும் பயிற்சி தொடங்கலாம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் பதித்து மெல்ல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு வீட்டில் அடுப்படிச் சுவரில் மருமகள் தேதி போட்டு வரிசையாகக் கோடு இழுத்திருந்தார். தலை பின்னவும் கொடியில் துணி போடவும் முடிகிற வரை இதை விடக்கூடாது. கரண்ட் வைத்த இடம் பல மாதம் கழித்தும் இறுகும் என்பதால் அதற்குப் பிறகும் தினமும் ஒரு முறையாவது செய்யச் சொல்வேன்.

அக்குளில் நெறி (நிணநீர்க் கட்டி) எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். போன வாரம் ஏறிய வளையல் இந்த வாரம் ஏறவில்லை, ரவிக்கைக் கை பிடிக்கிறது என்றால் அதுதான் முதல் அடையாளம். இந்தப் பயத்தில் காலம் முழுக்க அந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்பார்கள். ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களைச் சேர்த்த ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. கையுறை போல இறுக்கிப் பிடிக்கும் உறை போட்டு, கண்காணிப்போடு, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. ஆகவே குடம் தூக்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் நிறைகுடம் வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலில் தொடங்கி, அப்புறம் சொம்பு, அப்புறம் கால் குடம். கை கனத்தால் ஒரு படி இறங்குங்கள். புல் அறுக்கும்போது அந்தக் கையில் அரிவாள் பட்டுச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

கூலிக்குப் போகிறவர்களிடம் மூன்று மாதம் போகாதீர்கள் என்று சொல்வது எளிது, நடக்காது. முதலில் அரை நாள் வேலை, நடவை விடக் கதிர் தூற்றுவது, மண் சுமப்பதை விடத் தண்ணீர் கொடுக்கும் வேலை என்று கேட்டு வாங்கச் சொல்கிறேன். கேட்கக் கூச்சப்படுவார்கள். வீட்டில் ஒருவர் கூடப் போய்ப் பேசினால் நல்லது.

எலும்புக்கு நோய் பரவியவர்கள், ரத்த அணுக்கள் மிகக் குறைந்திருப்பவர்கள், இதயத்தைப் பாதிக்கும் கீமோ எடுத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதுவும் தொடங்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு வலி, தலைச்சுற்றல் வந்தால் நிறுத்திவிடுங்கள். புதிதாக முதுகுவலி, கால் பலம் குறைதல், சிறுநீர் போவது தெரியாமல் இருத்தல் இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பயிற்சி சொல்லிக் கொடுக்க டவுனுக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வலி நிவாரணச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். அது சுகர், பிரஷர் மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, பிசியோதெரபிக்குப் பெயர் கொடுங்கள்.